உம்மும்மா வீட்டு மார்க்கம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் என் மகள் வீட்டுச் சமையலறை ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த சமயம், மூன்று வயதுப் பேத்தி அரிசி டப்பாவின் மூடியை எப்படியோ திறந்துகொண்டு, ஒரு பிடி அரிசியை அள்ளுவதும், பக்கத்தில் கிடந்த ஓலைத் தட்டில் அதைச் சிறுகச் சிறுக உதிர்ப்பதும், மறுபடியும் அள்ளுவதுமாகத் தன்னை மறந்து விளையாடிக்கொண்டிருந்தாள். காய்ந்த ஓலையின் மேல் அரிசி விழுகிற அந்தச் சன்னமான சலசலப்பு காதில் பட்டதுதான் தாமதம், கண்ணெதிரே இருந்த எழுத்துகள் மங்கிப்போயின. அறுபது வருஷங்களுக்கு முந்திய காயல்பட்டினத்து அடுப்படி ஒன்றில், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு உலை கொதிப்பதற்காகக் காத்திருக்கும் என் உம்மும்மாவின் முன்னால் நான் போய் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் சோறாக்கும் ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியைக் களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, சுவரோரத்து ஓலைக்கொட்டானில் போட்டுவிட வேண்டும் என்பது உம்மும்மாவின் நியமம். அதற்குப் பிடியரிசி என்று பெயர். தமிழ்நாட்டு முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் எத்தனையோ மதரஸாக்கள், தனவந்தர்களின் நன்கொடை போதாத காலங்களில், இப்படிப் பெண்கள் வீடு வீடாக ஒதுக்கிவைத்த பிடியரிசியைக் கொண்டே வெளியூர் மாணவர்களுக்குச் சோறு போட்டு வந்தன என்பது இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் பிடியை உம்மும்மா தம் கையால் போடுவது அபூர்வம். வீட்டில் யார் மிகச் சின்னப் பிள்ளையோ அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "பிஸ்மி சொல்லிப் போடு வாப்பா, உன் கை சின்னக் கை, அதனாலே ரெண்டு தரம் போடு" என்பார்கள். யாருக்கு அந்த அரிசி என்று நான் கேட்டால், "பசிச்சவங்களுக்கு" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வார்கள். பிள்ளை கொடுத்துப் பழக வேண்டும், ஆனால் வாங்குகிறவர்களின் முகம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த ஜாக்கிரதையை நான் புரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின.

காயல்பட்டினத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு அந்த வீட்டின் அமைப்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். திருச்செந்தூருக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் எங்கள் ஊரில், பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றவர்களின் கடமை. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வாரே தவிர, பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. ஆகவே, நான் வளர்ந்தது என் உம்மாவின் உம்மா வீட்டில். ஆண்கள் நடமாடும் தெரு ஒரு பக்கம் இருக்க, வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் மட்டும் போய்வருவதற்கென்று ஒடுங்கலான முடுக்குகள் ஓடும். தலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு அந்த முடுக்கு வழியே புறப்பட்டால், தெருவில் கால் வைக்காமலே பெரியும்மா வீடு, சாச்சி வீடு, பெண்கள் கூடி ஓதும் தைக்கா என்று எங்கும் போய்வந்துவிடலாம். கொழுந்துவிட்டெரியும் வெயிலிலும் அந்த முடுக்கில் நிழல் இருக்கும். பிள்ளைப்பேறா, காய்ச்சலா, மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வராத கவலையா, எதுவானாலும் அடுத்த நாழிகைக்குள் பத்து வீட்டுப் பெண்கள் பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆண்கள் ஊரில் இருப்பதே குறைவு. கொழும்பு, கல்கத்தா, பிற்காலத்தில் ஹாங்காங் என்று கடல் கடந்த வியாபாரமே காயல்காரர்களின் ஜீவனம். என் வாப்பா கொழும்புப் புறக்கோட்டையில் உறவினர் ஒருவரின் மாணிக்கக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். ஆக, எங்களைத் தொழவைத்ததும், ஓதவைத்ததும், பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் பெண்கள்தாம். மார்க்கக் கல்வி என்றால் தாடி வைத்த ஆலிம்களின் முகமே பலருக்கும் ஞாபகத்துக்கு வரும். எனக்கோ, மஃரிபு பாங்கு முடிந்து தொழுத கையோடு, அரிக்கன் விளக்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்த பெண்களின் முகங்கள்தாம் வருகின்றன. எங்கள் ஊரில் மார்க்கம் அவர்களுடைய மடியில் வளர்ந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்தப் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர்களை எழுத்தறியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அரபு லிபியின் 28 எழுத்துகளோடு, தமிழுக்கே உரிய ஓசைகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து ஆக்கிக்கொண்ட சில புது எழுத்துகளையும் கூட்டி, தமிழை அப்படியே அரபு லிபியில் எழுதும் அரபுத் தமிழை அவர்கள் சரளமாக வாசித்தார்கள். 1816-இல் எங்கள் ஊரில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற சட்ட நூல் எங்கள் உம்மாவின் தலைமாட்டிலேயே இருக்கும். ஒளுவின் ஒழுங்கு, ஜகாத்தின் கணக்கு, கணவன் மனைவியின் கடமை என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் அதைப் பிரித்துப் பார்த்து உம்மா பதில் சொல்வதைக் கேட்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள்.

வாப்பாவின் கடிதங்களும் அரபுத் தமிழில்தான் வரும். மேலே 786 என்று இலக்கமிட்டு, உம்மும்மா முதல் தொட்டில் பிள்ளை வரையில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஸலாம் கூறிவிட்டு, அதற்குப் பிறகே விஷயத்துக்கு வருவார்கள். கடிதம் வந்த அன்று மாலை உம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பார்கள். ஒரு கட்டத்தில் குரல் தாழ்ந்து, உதடு மட்டும் அசைந்து, அப்புறம் மௌனமாக மடித்துவிடுவார்கள். மடித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று உம்மும்மா ஒருநாளும் கேட்டதில்லை. "ஸலாம் வந்திருச்சு, ஹம்து லில்லாஹ்" என்று சொல்லி எழுந்துபோவார்கள். குர்ஆன் ஓதத் தொடங்கி, அலிஃபுக்கு ஜபர் வைத்தால் என்ன, ஜேர் வைத்தால் என்ன என்று எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளில், உம்மா அந்தக் கடிதங்களில் ஒன்றை என் முன்னால் வைத்து, ஒரே ஒரு வரியின் மேல் விரலை ஓட்டினார்கள். நான் தட்டுத்தடுமாறி வாசித்தேன். என் மகன் என் முகத்தை மறந்திருப்பானோ என்று தொழுகைக்குப் பின்னால் தினமும் நினைக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. அல்லாஹ்வின் வேதத்தை வாசிக்கக் கற்ற அதே எழுத்தில் என் தகப்பனாரின் மனசையும் நான் வாசித்துவிட்டேன். தொழுகையும் பாசமும் வேறு வேறு என்ற எண்ணம் பிற்காலத்தில் எப்போதாவது என்னிடம் தலைகாட்டியபோதெல்லாம், அந்த ஒரு வரி வந்து நடுவில் நின்றிருக்கிறது.

உம்மும்மாவின் தொழுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவீட்டின் மேற்குச் சுவரோரம், கோரைப்பாயின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துத் தொழுவார்கள். அவர்கள் ஸுஜூதில் தலை வைத்தால் எனக்குக் கொண்டாட்டம். ஓடிப்போய் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சாச்சி பதறிப்போய் என்னை இழுக்க வருவார்கள். உம்மும்மாவோ எழுந்திருக்கவும் மாட்டார்கள், என்னைத் தள்ளவும் மாட்டார்கள். ஸுஜூதின் தஸ்பீஹை நீட்டிக்கொண்டே போய், நானாக அலுத்து இறங்கிய பிறகுதான் தலை தூக்குவார்கள். "பிள்ளையை இப்படியா பழக்குறது உம்மா? பெரியவனானாலும் இப்படித்தான் செய்வான்" என்று சாச்சி ஒருநாள் கோபித்துக்கொண்டபோது, ஸலாம் கொடுத்து முடித்த உம்மும்மா, நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்களுக்கு முன்னின்று தொழவைத்துக்கொண்டிருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதையும், பிள்ளையின் ஆசை தீரட்டும் என்று அவர்கள் ஸுஜூதை நீட்டியதையும், பின்னால் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று திகைத்ததையும், நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்த காரியத்தைச் சொல்வதைப் போன்ற அந்நியோன்னியத்தோடு சொன்னார்கள். "நாயகத்துக்கு இல்லாத அவசரம் நமக்கு என்னடி?" என்று அவர்கள் முடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இத்தகைய சரித்திரங்கள் அவர்களிடம் ஏராளம். அதற்கு எங்கள் ஊரின் விசேஷமான ஏற்பாடு ஒன்று காரணம். ரஜப் மாதம் பிறந்தால் காயல்பட்டினத்தில் ஸஹீஹுல் புகாரியை ஓதி, ஆலிம்கள் அதற்கு விளக்கம் சொல்லும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் ஒரு மாத காலம் நடைபெறும். அங்கே காலையில் சொன்ன ஹதீஸ் மத்தியானச் சோற்றுக்குள் எங்கள் நடுவீட்டுக்கு வந்துவிடும். தான் வளர்த்த சிறு பறவை செத்துப்போனதற்காக வாடியிருந்த அபூ உமைர் என்ற சிறுவனிடம் நாயகம் போய் அந்தப் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்தது, பேத்தி உமாமாவைத் தோளில் வைத்துக்கொண்டே தொழுதது, வீட்டில் இருக்கும்போது வீட்டாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்தது, எனக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ என்பவரை நாயகம் ஏறிட்டுப் பார்த்து, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று சொன்னது — இவையெல்லாம் எனக்குச் சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து உள்ளே போனவை. அக்ரஃவின் கதையைச் சொல்லி முடித்ததும் உம்மும்மா தவறாமல் எங்கள் எல்லோர் நெற்றியிலும் ஒரு முத்தம் வைப்பார்கள். வெற்றிலையின் வாசனையோடு கூடிய அந்த முத்தத்துக்காகவே, அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடிவாதம் செய்வோம்.

நரகத்தைப் பற்றி அவர்கள் பேசாமல் இல்லை. ஆனால் எங்களுக்கு ஏழெட்டு வயதாகும் வரையில் அந்தப் பேச்சை யாரும் எடுக்க விடமாட்டார்கள். உறவில் பெரியவர் ஒருவர், தொழாத பிள்ளைகளுக்குக் கபுறில் என்னென்ன நேரும் என்று விஸ்தாரமாக வர்ணித்துவிட்டுப் போன இரவில், என் தங்கை தூக்கத்தில் அலறி எழுந்தாள். உம்மும்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அல்லாஹ் உன்னைப் பெத்த உம்மாவைக் காட்டிலும் உன்மேலே இரக்கமுள்ளவன், உம்மா உன்னைத் தீயிலே போடுவாளா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தூங்கவைத்தார்கள். பயமுறுத்தித் தொழவைத்த பிள்ளை பயம் தெளிந்ததும் தொழுகையை விட்டுவிடுவதை என் ஆயுளில் நான் நிறையவே பார்த்துவிட்டேன். முதலில் அன்பு, பிறகு கடமை, அதற்கும் பிறகே எச்சரிக்கை என்ற அந்த வரிசையை எந்தக் கல்லூரியிலும் படிக்காத ஒரு ஸ்திரீ எங்கிருந்து அறிந்தார்கள் என்று இன்றைக்கும் நான் ஆச்சரியப்படுவதுண்டு.

ரமலான் பிறந்துவிட்டால் வீட்டின் இயல்பே மாறிவிடும். நடுநிசிக்குப் பின்னால் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு தெருவில் வரும் பக்கீர்மார்களின் குரலில் ஊர் விழிக்கும். ஸஹருக்கு எழுப்பச் சொல்லி இரவில் கெஞ்சுவோம். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டோம். உம்மும்மா எங்களை உலுக்க மாட்டார்கள். குளிர்ந்த கையை எங்கள் பாதத்தில் வைப்பார்கள். நோன்பு திறக்கும் வேளையில் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்து சேரும். கஞ்சியும் வாடாவும் பேரீச்சம்பழமும் வரிசையாக வைக்கப்பட்டிருக்க, பாங்குக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில், நோன்பாளியின் துஆ தள்ளப்படாது என்று சொல்லி, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கையேந்தச் சொல்வார்கள். ஒரு நிபந்தனை உண்டு: தனக்காகக் கேட்பதற்கு முன்னால் இன்னொருவருக்காகக் கேட்க வேண்டும். வாப்பாவின் கப்பல் பத்திரமாக வரட்டும் என்று நான் கேட்பேன். எதிர்வீட்டுப் பூனையின் கால் சொஸ்தமாகட்டும் என்று என் தங்கை ஒருமுறை கேட்டதற்கு, கூடியிருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து ஆமீன் சொன்னார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டின் ஈரம் எங்கள் சமூகத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் கொம்புத்துறை என்று கத்தோலிக்கப் பரதவர்கள் வாழும் கடற்கரைக் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கிருந்து மீன் கூடையோடு பின்வாசலுக்கு வரும் ஒரு மாது, கழுத்தில் சிலுவையும் நெற்றியில் வேர்வையுமாகத் திண்ணையில் சாய்ந்து, உம்மும்மாவுடன் பேசிக்கொண்டிருப்பார். அவருடைய கைக்குழந்தைக்குச் சீர் தட்டினால், மஃரிபுக்குப் பின்னால் பள்ளிவாசல் முன்பு பிள்ளைகளோடு நிற்கும் பெண்களில் அவரும் ஒருவராக நிற்பார். தொழுது வெளியே வருகிறவர்கள் எல்லாச் சாதிப் பிள்ளைகளின் தலையிலும் ஊதிவிட்டுப் போவார்கள். கடல் கொந்தளித்துக் கட்டுமரங்கள் கரையில் ஏறிக்கிடந்த ஒரு கார்த்திகையில், பல நாட்கள் மீன் கூடை வரவில்லை. அந்த நாட்களில் ஒரு மாலை, எங்கள் ஓலைக்கொட்டான் காலியாகிச் சுவரில் தொங்கியதை நான் பார்த்தேன். அந்த அம்மாள் மறுபடியும் வந்தபோது, உம்மும்மா எதுவும் நடக்காததைப் போல மீனுக்குப் பேரம் பேசினார்கள். கொடுத்த கை மேலே என்ற எண்ணம் அந்த அம்மாளுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அன்று பேரம் சற்று அதிகமாகவே நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இதுவரை சொன்னவையெல்லாம் இனிமையானவை. அந்த வீட்டின் அன்பு உண்மையில் சோதிக்கப்பட்டது பின்னால் வந்த வேறொரு காலத்தில். எண்பதுகளில், சவூதி அரேபியாவில் சில வருஷங்கள் வேலை செய்துவிட்டு என் சின்ன மாமா ஊர் திரும்பினார்கள். உம்மும்மாவுக்குக் கடைசிப் பிள்ளை, அப்போது கல்யாணமாகவில்லை. போகும்போது வாலிப விளையாட்டோடு போனவர், திரும்பும்போது வேளை தவறாத தொழுகையும், புத்தகங்கள் நிறைந்த பெட்டியும், மௌலிது ஓதுவது நபி வழியில் இல்லாத நூதனம் என்ற உறுதியான கருத்துமாக வந்தார்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் எல்லாம் இந்தத் தர்க்கம் எழுந்து, சில இடங்களில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்கள் எழுந்தன. ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அந்தச் சர்ச்சையில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரிய கல்வியும் எனக்கில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரபீஉல் அவ்வல் பிறை தெரிந்தால் பன்னிரண்டு இரவுகள் எங்கள் நடுவீட்டில் ஸுப்ஹான மௌலிது ஓதப்படும். உம்மும்மாவின் உம்மா காலத்திலிருந்து விடாமல் நடப்பது அது. சாம்பிராணி புகைய, சந்தனம் மணக்க, முடுக்கு வழியாக வந்து நிறைந்த பெண்கள் நாயகத்தின் பிறப்பைப் பாடுகையில், உம்மும்மாவின் கண்கள் நிறைந்து வழியும். மாமா வந்த வருஷம் அந்தப் பிறை நெருங்க நெருங்க வீட்டில் எல்லோருக்கும் ஒரு கலக்கம். என்ன சொல்லப்போகிறார்களோ என்று உம்மா பயந்தார்கள். மாமாவும் இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உலாவினார்கள். விசுவாசம் என்பது அவர்களுக்கு விளையாட்டு அன்று. தவறென்று தாம் நம்பிய காரியம் தாம் இருக்கும் வீட்டிலேயே நடக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு நிஜமான வேதனை. தாயை எதிர்த்து ஒரு சொல் சொல்வதோ அதைவிடப் பெரிய வேதனை.

பிறை இரவுக்கு முந்திய நாள், சுபுஹு தொழுத பிறகு, உம்மும்மா மாமாவை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். நான் அப்போது விடுமுறையில் ஊர் வந்திருந்தேன், தாழ்வாரத்தில் இருந்தேன். "நீ படிச்சதை நான் படிக்கலை வாப்பா. நான் கேட்டு வளர்ந்ததை விட எனக்கு வயசும் இல்லை. நாயகத்து மேலே உனக்கு இருக்குற மஹப்பத்து எனக்குத் தெரியும். எனக்கு இருக்குறதும் உனக்குத் தெரியும். இந்த வருஷம் பெரியும்மா வீட்டிலே ஓதிக்கிறோம். உன் வீட்டிலே உன் மனசு நோக வேணாம்" என்றார்கள். தலைமுறைகளாக அந்த நடுவீட்டில் நடந்த காரியத்தை, எழுபது வயதைக் கடந்த ஒரு தாய், மகன் மனசு நோகாதிருக்க முடுக்குக்கு அப்பால் எடுத்துக்கொண்டுபோகத் துணிந்தார்கள். மாமா பதில் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அன்று அஸருக்குப் பின்னால், எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கோரைப்பாய்களை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டி, கட்டித் தோளில் வைத்து, தெருவழியாகச் சுற்றிப் பெரியும்மா வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் இறக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? சின்ன மாமாதான். வழியில் ஒரு சிநேகிதர், "நீயுமா?" என்று கேட்டாராம். "ஓதுறது அவங்க, பாய் சுமக்கிறது நான். எங்க உம்மா வெறுந்தரையிலே உட்காரணுமா?" என்று பதில் சொன்னார்களாம். நேர்ச்சைச் சோற்றை அவர்கள் தொடமாட்டார்கள் என்று அறிந்த உம்மும்மா, அந்தப் பன்னிரண்டு இரவும், பெரியும்மா வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால் மாமாவுக்கென்று தனியாகச் சோறும் புளியாணமும் ஆக்கி மூடிவைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் மாமா சாப்பிடாமல் காத்திருப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தாயும் மகனும் ஒரே ஸஹனில் கையிட்டுச் சாப்பிடுவதை நான் என் கண்ணால் கண்டேன். அந்த ஸஹனைச் சுற்றி எந்தத் தர்க்கமும் நடக்கவில்லை. மீனில் உப்புச் சற்றுத் தூக்கல் என்று மாமா சொன்னதும், வயதாகிவிட்டதல்லவா, கை தப்புகிறது என்று உம்மும்மா சொன்னதும்தான் அங்கே நடந்த பேச்சு. தன் கொள்கையை விடாமலே பிறர் மனசைக் காப்பது சாத்தியம் என்பதை அதைவிட ஸ்பஷ்டமாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

காலம் ஓடிவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி நானும் மணமாகி மனைவி வீட்டுக்குப் போனேன். தினம் ஒரு வேளை உம்மாவைப் பார்க்காமல் இருந்ததில்லை, சென்னைக்குத் தொழிலை மாற்றிக்கொண்டு வரும் வரையில். அரபுத் தமிழை வாசிக்கும் கைகள் குறைந்துவிட்டன. என் உம்மாவோடு எங்கள் குடும்பத்தில் அது நின்றுபோயிற்று, அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. மகள் வீட்டில் பேரன், கைப்பேசியின் திரையில் தோன்றும் உஸ்தாதிடம் குர்ஆன் ஓதுகிறான். உச்சரிப்பு எங்களைவிடத் திருத்தமாக இருக்கிறது; அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பாடம் முடிந்து திரை அணைந்ததும் அவன் நெற்றியில் முத்தம் வைக்க ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாட்களில் அந்தக் கடமை என்னுடையது. அக்ரஃவின் கதை அவனுக்கு இப்போது மனப்பாடம்.

சின்ன மாமாவுக்கு எழுபதை எட்டும் பிராயம். உம்மும்மா மறைந்தபோது ஜனாஸாத் தொழுகையை நின்று நடத்தியவர்கள் அவர்களே. கருத்தில் இன்றும் அணுவளவும் மாறவில்லை. அவர்களைப் போலவே தன் கருத்தில் மாறாதவள் அவர்களுடைய மகளும்தான்: உம்மும்மாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பெண், பெரியவளானதும் தானாகவே தைக்காவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, சில வருஷங்களாக மௌலிது ஓதி வருகிறாள், அதுவும் மாமா வாழும் அதே வீட்டு நடுக்கூடத்தில். தகப்பனாருக்கு மனசு வருந்தும் என்று வேறு இடம் பார்க்க அவள் முனைந்தபோது, மாமா சம்மதிக்கவில்லையாம். தம் உம்மாவை ஒருமுறை வீடு மாறவைத்தது போதும் என்றார்களாம். ஓதும் நேரத்தில் அவர்கள் உள்ளே இருப்பதில்லை. வெளித் திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தம்முடைய ஹதீஸ் கிதாபைப் பிரித்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். மௌலிது முடிந்து பெண்கள் எழுந்ததும், தூக்கக் கண்ணோடு வரும் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தெருவழியே அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர்கள் வேலை. முழங்கால் வலிக்கிறதே, வேறு யாரையாவது அனுப்பலாமே என்று மகள் சொன்னாலும் அதை மட்டும் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.